எங்கள் சனம் இல்லாத தெரு

பறவைகள்மீது எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை, என் கணவர் அவற்றைப் பார்க்கத் தொடங்கும்வரை. பல வருடங்களாக ஒஸ்லோவில் பஸ் ஓடிக்கொண்டிருந்தவர் அவர். கூட வேலை செய்த ஒரு நோர்வேக்காரர் ஒருநாள் அவருடைய கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டிவிட்டார். அன்றோடு வீட்டில் மனிதர்களுக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் பறவைப் புத்தகம், கட்டிலுக்குப் பக்கத்தில் பறவைப் புத்தகம். மகளுக்குக் காய்ச்சல் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் ஜன்னலடியில் நின்றுகொண்டு, "கொஞ்சம் பொறும், அது பறந்திடும்" என்பார். காய்ச்சல் பறக்காது என்று அவருக்கு நல்ல நம்பிக்கை.

நாங்கள் ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். நான் கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். மொழி படித்து, தாதி உதவியாளர் படிப்பும் முடித்து, ஒரு முதியோர் இல்லத்தில் தற்காலிக வேலை செய்துகொண்டிருந்தேன். தற்காலிகம் என்றால், யாருக்காவது சுகமில்லை என்று விடியற்காலையில் ஃபோன் வந்தால்தான் எனக்கு அன்றைக்கு வேலை. இந்த நிலையில் ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு நகரசபையில் நிரந்தர வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கதைத்துவிட்டு வரும் வேலை. எனக்குப் பிடித்த வேலை. ஒரே ஒரு நிபந்தனை: மாத முடிவுக்குள் கார் ஓடும் லைசன்ஸ் காட்ட வேண்டும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, பஸ்ஸை நம்பிப் போக முடியாது என்று பொறுப்பாளர் சொன்னார். எழுத்துச் சோதனையில் நான் முதல் முறையிலேயே பாஸ். ஓட்டிக் காட்டும் சோதனை வருகிற வியாழக்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த சோதனைத் திகதி வசந்த காலத்தில்தான் கிடைக்கும் என்றார்கள். வியாழன் போனால் வேலையும் போகும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

நோர்வேயில் கார் ஓடப் பழகுகிற ஆளுக்குப் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவர் என் கணவர். அவருக்கோ அதில் துளியும் விருப்பமில்லை. காரணம் பெரிய கொள்கை ஒன்றுமில்லை. ட்வெய்ட்டாவில் இருக்கும் அவருடைய அண்ணை வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்தில், யாரோ நான் லைசன்ஸ் எடுப்பது பற்றிக் கேட்க, இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "என்ரை மனுசிக்கு என்னத்துக்கு லைசன்ஸ்? ட்றைவர் ஒருத்தன் நான் இருக்கிறன்தானே" என்று சொல்லிவிட்டார். அண்ணை சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது அவருக்கு மானப் பிரச்சினை. ஒஸ்லோவில் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அப்போதே கார் ஓடினார்கள். பெரிய வான் ஓடினவர்களும் இருந்தார்கள். அண்ணை வீட்டில் மட்டும் அது ஆண்பிள்ளையின் கையாலாகாத்தனம்.

நானும் விடவில்லை. சமைக்காமல் இருந்தேன், பேசாமல் இருந்தேன், கடைசியில் அவருடைய பறவைப் புத்தகத்தை எடுத்து ஒளித்தும் வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஓர் ஒப்பந்தம் வந்தது. பழக்குவார், ஆனால் எங்கள் சனம் இல்லாத தெருவில்தான் பழக்குவார். எங்கள் சனம் இல்லாத தெரு எங்கே இருக்கிறது? காட்டுக்கும் வயலுக்கும் நடுவே இருக்கிறது. அங்கேதான் பறவைகளும் இருக்கின்றன. அவருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அப்படியாக ஒவ்வொரு ஞாயிறும் ஒரு நாடகம் நடந்தது. வீட்டிலிருந்து அவர் ஓடுவார். நகரம் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து போகும் தெருவில் ஆளில்லாத ஒரு பஸ் தரிப்பு இருந்தது. அங்கே நிறுத்துவார். முன்னும் பின்னும் பார்ப்பார். பிறகு டிக்கியில் போர்வைக்கு அடியில் வைத்திருந்த, சிவப்பு எல் எழுத்துப் போட்ட தகட்டை எடுத்துக் காரின் பின்பக்கம் ஒட்டுவார். இருவரும் இடம் மாறுவோம். பின்னேரம் அதே இடத்தில் தகட்டைக் கழற்றி, மறுபடி இடம் மாறி, ஒன்றும் நடக்காதவர்களைப் போல ஒஸ்லோவுக்குள் நுழைவோம். கடத்தல்காரர்களுக்குக்கூட இவ்வளவு கவனம் இருக்காது.

அந்த ஞாயிறு விடியும்போதே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நடைபாதை எது, தெரு எது என்று தெரியாத அளவுக்கு. மகளை ட்வெய்ட்டாவில் அண்ணை வீட்டில் விட்டோம். அண்ணையின் மனைவி கதவில் நின்று, "உந்தப் பனியுக்கை எங்கை போறியள்?" என்று கேட்டார். "பறவை பார்க்க" என்றார் இவர். அண்ணையின் மனைவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பைத்தியம் என்று பெயர் எடுப்பதில் என் கணவருக்கு ஆட்சேபணை இல்லை. மனைவி கார் ஓடுகிறாள் என்று பெயர் எடுக்கத்தான் பயம்.

அன்றைக்குப் பார்க்க வேண்டியது ஓர் ஆந்தை. நோர்வேக்காரர்கள் அதைப் பருந்து ஆந்தை என்று சொல்வார்கள். பருந்து மாதிரி நீண்ட வாலுடன், பட்டப்பகலில் மர நுனியில் வந்து இருக்குமாம். ஒஸ்லோவுக்கு வடகிழக்கே ஒரு வயல்வெளியில் அதைக் கண்டதாக அவருடைய நோர்வே நண்பர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் ஆந்தை கத்தினால் அது நல்லதுக்கில்லை என்று முகம் சுளிப்பார்கள். இவர் அதைத் தேடி இந்தப் பனியில் என்னையும் இழுத்துக்கொண்டு போகிறார். எனக்கு ஆந்தையும் வேண்டாம், அதன் வாலும் வேண்டாம். வியாழனுக்கு முன் பனித்தெருவில் ஒரு முறை நன்றாக ஓடிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பஸ் தரிப்பில் இடம் மாறினோம். நான் இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைச் சரிபண்ணி, பட்டியைப் போட்டேன். அவர் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இஞ்சை பாரும், இப்பவே சொல்லிப்போட்டன். இண்டைக்கு ஒரு பிழை விட்டீர் எண்டால், நாளைக்குக் காலமை ஃபோன் அடிச்சு வியாழக்கிழமைச் சோதினையை நிப்பாட்டிப்போடுவன். நாள் எடுத்ததும் நான்தான், நிப்பாட்டுறதும் நான்தான்."

"என்ன பிழை?" என்று கேட்டேன்.

"என்ன பிழையெண்டாலும்."

கார் நகர்ந்தது. அப்படியான பனியில் கார் ஓடுவது காலால் செய்கிற வேலை இல்லை. வயிற்றால் செய்கிற வேலை. சக்கரம் வழுக்குவது கைக்குத் தெரிவதற்கு முன்னால் வயிற்றுக்குத் தெரிந்துவிடும். தெருவின் கோடுகள் எல்லாம் மூடிக் கிடந்தன. இரண்டு பக்கமும் நட்டிருந்த செம்மஞ்சள் தடிகள்தான் தெரு எங்கே முடிகிறது என்று காட்டின. நான் முன்னால் போன ஏதோ ஒரு லொறியின் தடத்தில் சக்கரத்தை வைத்து, மூன்றாவது கியரில் பொறுமையாகப் போனேன். துடைப்பான்களில் ஐஸ் கட்டி, துடைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் ஒரு பட்டையை விட்டுவிட்டுப் போயின. அந்தப் பட்டை என் கண்ணுக்கு நேரே.

பக்கத்தில் இருந்தவர் சும்மா இருக்கவில்லை. "மெல்ல" என்பார். மெல்லப் போனால், "பின்னாலை கார் வருது, பிணம் கொண்டு போறமாதிரி ஓடாதையும்" என்பார். "கியரை மாத்தும்" என்பார். கையைக் கியரில் வைத்தால், "இப்ப ஏன் மாத்துறீர்?" என்பார். இடையிடையே பைனாகுலரை எடுத்துக் காட்டைப் பார்ப்பார். அவர் காட்டைப் பார்க்கும் நேரத்தில் நான் நன்றாக ஓடினேன். எதிரே பனி அள்ளும் பெரிய வாகனம் ஒன்று வந்து, கடந்து போகும்போது ஒரு வண்டிப் பனியை எங்கள் கண்ணாடியில் கொட்டியது. சில நொடிகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் பிரேக்கைத் தொடவில்லை. அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். கண்ணாடி தெளிந்தபோது கார் தெருவில்தான் இருந்தது. "அதிர்ஷ்டம்" என்றார் அவர். நன்றாகச் செய்தீர் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் சுளுக்கிவிடும்.

காடு முடிந்து வயல்வெளி வந்தது. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவே தந்திக் கம்பங்கள் வரிசையாகப் போயின. ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது அவர் திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"நிப்பாட்டும், நிப்பாட்டும், நிப்பாட்டும்."

ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவிட்டது என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. கார் நிற்கவில்லை. அவசரமில்லாமல், எங்களைப் பற்றிய எந்தக் கவலையும் இல்லாமல் வழுக்கிப் போய், ஓரத்தில் குவிந்து கிடந்த பனிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. சத்தம்கூட வரவில்லை. பின்பகுதி மட்டும் தெருவில் நீட்டிக்கொண்டு நின்றது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்தார்.

"இருக்குது" என்றார். பிறகு, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "முடிஞ்சுது உம்மடை சோதினை" என்றார்.

"நீங்கள்தான் நிப்பாட்டச் சொன்னனீங்கள்."

"ஓரமாக் கொண்டுபோய் நிப்பாட்டச் சொன்னனான். பிரேக்கிலை ஏறி நிக்கச் சொன்னனானோ?"

"வளைவிலை கையைப் பிடிச்சு இழுத்தது ஆர்?"

"வாய் மட்டும் நல்லா ஓடுது" என்றார்.

நான் பின்னுக்கு எடுத்துப் பார்த்தேன். சக்கரம் சுற்றியது, கார் அசையவில்லை. அவர் கை நீட்டி எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றினார். எஞ்சின் சத்தத்துக்கு அது பறந்துவிடுமாம். ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்து காரைத் தள்ளிப் பார்ப்பாராம். வளைவில் கார் பாதித் தெருவை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை உந்தத் தெருவாலை ஆர் வரப்போகினம்?" என்று சொல்லிவிட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வயலுக்குள் போகும் ஒரு டிராக்டர் தடத்தில் இறங்கி நடந்தார்.

எனக்கு அந்த நிமிடம் வந்த கோபத்தை இப்போதும் நெஞ்சில் தொட்டுப் பார்க்கலாம். ஆள் போகிற வேகத்தைப் பார்த்தேன். பனியில் குனிந்து, பதுங்கி, கள்ளனைப் போலப் போகிறார். எனக்காக அப்படி ஒரு கவனத்தோடு அவர் ஒரு அடி வைத்ததில்லை. கம்பத்தின் உச்சியில் அந்த ஆந்தை சாம்பல் நிறத்தில், கொழுத்துப் போய், எல்லோரும் தன்னைப் பார்க்கத்தான் பிறந்தவர்கள் என்ற பாவனையில் இருந்தது. நான் அதையும் திட்டினேன். ஹீட்டர் நின்று, காருக்குள் குளிர் ஏறத் தொடங்கியது. சுடுதண்ணிப் போத்தலில் இருந்த தேநீரை முழுக்க நானே குடித்தேன். அவருக்கு ஒரு மிடறும் வைக்கவில்லை.

பிறகுதான் டிராக்டர் வந்தது. முன்னால் பனி தள்ளும் தகடு பூட்டிய பெரிய டிராக்டர். வளைவில் எங்கள் காரைக் கண்டதும் ஓட்டி வந்த மனிதர் அதை நிறுத்தி இறங்கினார். பக்கத்துப் பண்ணைக்காரர். தாடி முழுக்கப் பனி. வணக்கம், சுகமா என்ற பேச்சு ஒன்றுமில்லை. இது தெரு, கார் நிறுத்துகிற இடமில்லை என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பால் லொறி வரும், அது இந்த வளைவில் பிரேக் பிடித்தால் நிற்காது, உங்கள் காரோடு சேர்ந்து என்னுடைய வயலுக்குள்தான் வந்து கிடக்கும் என்றார். கயிறு கட்டி இழுக்கிறேன், சாவியைப் போட்டு ஸ்டீயரிங்கை விடுவியுங்கள் என்றார்.

சாவி கணவரிடம் இருக்கிறது என்றேன்.

கணவர் எங்கே என்று கேட்டார். நான் வயலைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அங்கே என்ன செய்கிறார்?"

"ஆந்தை பார்க்கிறார்."

"அது இந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேதான் இருக்கிறது" என்றார் பண்ணைக்காரர். பிறகு காரின் பின்னால் இருந்த சிவப்பு எல் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரக்கம் ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. "கூப்பிடுங்கள்" என்றார்.

கூப்பிட வேண்டும், ஆனால் எப்படி? கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு இல்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து "இஞ்சருங்கோ" தான். வீட்டுக்குள் அது போதும். குசினியிலிருந்து கூப்பிட்டால் அறைக்குக் கேட்கும். பனி கொட்டுகிற ஒரு வயலின் அந்தக் கரைக்கு அது காணாது. இருந்தாலும் கதவைத் திறந்து நின்று, "இஞ்சருங்கோ" என்றேன். கையை வாயில் குவித்து மறுபடி "இஞ்சருங்கோ" என்றேன். இந்த முறை அவருக்குக் கேட்டது. திரும்பாமலே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, பேசாமல் இரு என்று காட்டினார். வீட்டில் செய்திகள் பார்க்கும்போது காட்டுகிற அதே கை.

நான் காருக்குள் குனிந்து ஹோர்னில் கையை வைத்தேன். எடுக்கவில்லை.

ஒஸ்லோவில் ஹோர்ன் அடித்தால் ஆட்கள் உங்களை மிருகத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். நான் அதுவரை ஒருமுறைகூட அடித்ததில்லை. அன்றைக்கு அதுவரை அடிக்காததையும் சேர்த்து அடித்தேன். பண்ணைக்காரர் காதைப் பொத்தினார். வயல் முழுக்க அந்தச் சத்தம் போயிற்று. ஆந்தை தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. இடத்தைவிட்டு அசையவில்லை. அசைந்தவர் என் கணவர்தான். கையை ஆட்டிக்கொண்டு, ஏதோ கத்திக்கொண்டு, டிராக்டர் தடத்தை விட்டுவிட்டு நேரே எங்களை நோக்கி வயலுக்குக் குறுக்காக ஓடி வந்தார். கோபத்தில் தடம் எதற்கு? தெருவுக்குப் பக்கத்தில் பனி மூடிக் கிடந்த வாய்க்கால் அவருக்குத் தெரியவில்லை. இடுப்புவரை உள்ளே போனார்.

பண்ணைக்காரர்தான் தூக்கி எடுத்தார். இடது காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை. கணுக்கால் பிசகியிருந்தது. எலும்பு முறியவில்லை என்று நான் தொட்டுப் பார்த்துச் சொன்னேன். அது என் தொழில். "தொடாதை" என்றார். அதுவரை "நீர்" என்று கதைத்துக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் "நீ" க்கு இறங்கினார். "உன்னாலைதான். உன்ரை ஹோர்னாலைதான்."

சாவியை அவருடைய பையிலிருந்து நானே எடுத்தேன். டிராக்டர் காரை ஒரே இழுப்பில் வெளியே எடுத்தது. நான் நன்றி சொன்னேன். பண்ணைக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, அடுத்த முறை ஆந்தை பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸில் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் சாரதி இருக்கையில் ஏறினார். தான் ஓடுவதாகச் சொன்னார். நான் பக்கத்தில் ஏறி இருந்தேன். இடது காலைக் கிளச்சில் வைத்து அழுத்தினார். முகம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னொரு முறை அழுத்தினார். பிறகு கதவைத் திறந்து, காரைப் பிடித்துப் பிடித்து நொண்டிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார். நான் இறங்கி அந்தப் பக்கம் போனேன். அப்படித்தான் இடம் மாறினோம்.

திரும்பி வந்த பாதையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பனி இன்னும் கூடியிருந்தது. இருட்டத் தொடங்கியது. கண்ணாடி கழுவும் தண்ணீர் உறைந்து வர மறுத்தது. நெடுஞ்சாலையில் லொறிகள் உப்பும் சேறும் கலந்த கறுப்புத் தண்ணீரை எங்கள்மேல் வாரி அடித்தன. இரண்டு இடங்களில் நிறுத்தி, இறங்கி, துடைப்பான்களைத் தட்டி ஐஸை உடைத்தேன். ஓர் இறக்கத்தில் முன்னால் போன கார் பம்பரம்போல ஒரு முறை சுற்றி ஓரத்தில் போய் நின்றது. நான் கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், அதைத் தாண்டிப் போனேன். பயமில்லையா என்றால், பயம்தான். ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, அதுதான் காரை ஓட்டியது. பக்கத்தில் இருந்தவர் அன்றைக்கு முதன்முறையாக மெல்ல என்றும் சொல்லவில்லை, கியர் என்றும் சொல்லவில்லை.

வாயைத் திறந்தது நகரத்தின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது.

"அடுத்த பஸ் தரிப்பிலை நிப்பாட்டு. மாறுவம்."

நான் திரும்பிப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

"கிளச் மிதிக்க ஏலாத காலோடையோ?"

"கொஞ்சத் தூரம்தானே. ட்வெய்ட்டாவுக்குள்ளை மட்டும் நான் ஓடுறன். அண்ணை கீழை நிண்டால் என்ன நினைப்பார்? எல் தகட்டைக் கழட்டு, மாறுவம்."

இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. கால் வீங்கி, சப்பாத்தும் கழற்ற முடியாமல் இருக்கிற மனிதர். பனியில் நாங்கள் இருவரும் செத்தாலும் பரவாயில்லை, அண்ணையின் கண்ணில் அவர் சாரதி இருக்கையில் செத்திருக்க வேண்டும். "ஏலாது" என்றேன். "நிப்பாட்டு எண்டு சொல்லுறன்" என்றார். பஸ் தரிப்பு வந்தது. நான் நிறுத்தவில்லை. அது வலப்பக்கத்தில் வந்து, போய்விட்டது. அவர் கதவில் கையால் ஒருமுறை ஓங்கி அடித்தார்.

"அப்ப வியாழக்கிழமையை மறந்திடு" என்றார்.

ட்வெய்ட்டாவில் அண்ணை உண்மையிலேயே கீழேதான் நின்றார். கார் நிறுத்துமிடத்தில் தன்னுடைய காரின்மேல் கிடந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் கார் உள்ளே வர, பனி தள்ளும் தடியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். சாரதி இருக்கையில் நான். பக்கத்தில் அவருடைய தம்பி. நான் இரண்டு கார்களுக்கு நடுவே சரியாக நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை நிறுத்தினேன். அந்த நிறுத்தலை யாராவது ஒருவர் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

"என்னடா, மனுசியிட்டைக் குடுத்திட்டியோ?" என்றார் அண்ணை.

"கால் சுளுக்கிப்போச்சு அண்ணை. இல்லாட்டி நான் குடுப்பனோ?"

"எவ்வளவு தூரம் உவ ஓடினவ?"

"அந்தா, அதிலையிருந்துதான்" என்று இவர் பின்னால் கையைக் காட்டினார். அந்தக் கை காட்டிய தூரத்துக்குள் ஒரு பெட்டிக்கடை வைக்கக்கூட இடம் இருக்காது.

நான் இறங்கி, மகளைக் கூப்பிடச் சொன்னேன். அண்ணை என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துக் கதைத்தார். "பிள்ளையை உதிலை ஏத்தாதை. பனி கொட்டுது. லைசன்ஸ் இல்லாத ஆளின்ரை காரிலை பிள்ளையை எப்பிடி விடுறது? நான் பிறகு என்ரை காரிலை கொண்டந்து விடுறன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். வயலிலிருந்து ட்வெய்ட்டா வரை அவரை உயிரோடு கொண்டு வந்தவள் நான். நெடுஞ்சாலையில் சுற்றிப்போன காரைத் தாண்டி வந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். "நல்லாத்தான் ஓடினவ அண்ணை" என்று சொன்னால் போதும், அந்த நாள் முழுக்க நடந்ததை நான் அங்கேயே மன்னித்திருப்பேன்.

"ஓம் அண்ணை" என்றார் அவர். "நீங்களே கொண்டு வாங்கோ."

மகள் மேலே பல்கனியில் நின்று எனக்குக் கை காட்டினாள். நான் கை காட்டிவிட்டுக் காரில் ஏறினேன். எல்லிங்ஸ்ருட் வரை நாங்கள் இருவர் மட்டும் போனோம். வீட்டில் அவருடைய சப்பாத்தைக் கழற்றி, காலுக்கு ஐஸ் வைத்து, துணி சுற்றி, தலையணைமேல் தூக்கி வைத்தேன். எந்த நோயாளிக்கும் செய்வதைத்தான் செய்தேன். எந்த நோயாளியோடும் அவ்வளவு குறைவாகக் கதைத்ததில்லை.

அடுத்த நாள் காலையில் அவர் எழும்புவதற்கு முன், முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு ஃபோன் எடுத்து, வியாழக்கிழமை சோதனைக்கு என்னைத் தன்னுடைய காரில் கூட்டிக்கொண்டு போக முடியுமா, சோதனைக்கும் அந்தக் காரைத் தர முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றாள். பிறகு தேநீர் போட்டு அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, கைபேசியை எடுத்தார். சொன்னதைச் செய்கிறவர் என்று அவருக்குத் தன்னைப்பற்றி ஓர் எண்ணம் உண்டு.

சோதனை அலுவலகத்தில் ஒரு பெண் பதில் சொன்னாள். அவருடைய கைபேசியில் சத்தம் எப்போதும் கூடித்தான் இருக்கும், எனக்கு எல்லாம் கேட்டது. என் மனைவியின் சோதனையை நிறுத்த வேண்டும், அவளுக்குப் பனியில் ஓடத் தெரியாது என்றார் நல்ல நோர்வேஜிய மொழியில். சோதனை பதிவாகியிருப்பது யாருடைய பெயரில் என்று அவள் கேட்டாள். மனைவியின் பெயரில் என்றார். அப்படியென்றால் மனைவிதான் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லி நிறுத்த முடியாது என்றாள். தான் கணவர் என்றார். அவள் அதே வாக்கியத்தை அதே குரலில் இன்னொரு முறை சொன்னாள்.

அவர் கைபேசியை என் பக்கம் நீட்டினார். "இந்தா, சொல்லு. எனக்கு ஏலாது, நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லு."

நான் வாங்கினேன். என் பெயரையும் பிறந்த திகதியையும் சொன்னேன். வியாழக்கிழமைச் சோதனையை நிறுத்த வேண்டுமா என்று அவள் கேட்டாள்.

"வேண்டாம். நான் வருகிறேன்" என்றேன்.

அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை, வரிசையில் எத்தனையோ பேர் காத்திருப்பார்கள்.

"அப்படியென்றால் எதற்காக ஃபோன் எடுத்தீர்கள்?" என்று கேட்டாள்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டே, அவருக்கும் விளங்கும் அந்த மொழியில் சொன்னேன்.

"எடுத்தது நான் இல்லை."